ஏழைப் பிள்ளையின் பல்லுக்குக் குறடுதானா?

மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். சென்ற மாதம் அங்கே விவசாயத் தொழிலாளர் கூட்டம். இரவு எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்தோம். தோழர் ஒருவர் மட்டும் ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார். தோளில் ஒன்பது வயது மகள். கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. அழுது அழுது கண் சிவந்து, தகப்பன் தோளிலேயே சுருண்டு கிடந்தாள்.

"என்ன தோழர், பிள்ளைக்கு என்ன?"

"கடைவாய்ப் பல்லுல சொத்தை தோழர். நாலு நாளா ராத்திரி பூரா அழுகை. இவ அம்மா கிராம்பு வச்சுப் பாத்தா, உப்புத் தண்ணி குடுத்துப் பாத்தா, கேக்கல. இன்னிக்கு வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். புடுங்கிட்டாக. போகுது, பால் பல்லுதானே? விழுந்து முளைச்சிரும்."

அவர் நிம்மதியாகச் சொன்னார். எனக்குத்தான் நிம்மதி போயிற்று. காகிதத்தில் மடித்து அவர் சட்டைப் பையில் வைத்திருந்த அந்தப் பல்லை வாங்கிப் பார்த்தேன். நீண்ட வேர்களோடு கூடிய பெரிய பல். அது பால் பல் அல்ல. அது இனி முளைக்காது. இதே பல்லைப் பன்னிரண்டு வயதில் பறிகொடுத்தவன் நான். முளைக்கும், முளைக்கும் என்று முப்பது வருஷமாக நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

மறு வாரம் மதுரையில் பல் டாக்டராக இருக்கும் நண்பரிடம் அந்தப் பல்லைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேலே பாதி போயிருக்கிறது. வேர் நன்றாக இருக்கிறது. உள்ளே வைத்தியம் செய்து, மேலே ஒரு கேப் போட்டிருந்தால் பெரும்பாலும் நின்றிருக்கும்."

அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், நகரத்தின் பெரிய வீதி ஒன்றில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு வைத்திய சாலையின் பலகை கண்ணில் பட்டது. குழந்தைகளுக்கு டிஜிட்டல் பல் வைத்தியம், வலியில்லை, ஒரே நாளில் கேப்!

மேலூரிலிருந்து மதுரை முப்பது கிலோமீட்டர். இந்த முப்பது கிலோமீட்டருக்குள் இரண்டு உலகங்கள். ஒன்றில் கம்ப்யூட்டர் குழந்தையின் பல்லைப் படம் பிடித்து, அளவெடுத்து, கடைந்து கொடுக்கிறது. இன்னொன்றில் குறடு மட்டும் இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதைப் பல்லில் உள்ள சொத்தையா தீர்மானிக்கிறது? தகப்பன் பையில் உள்ள சொத்து அல்லவா தீர்மானிக்கிறது!

பல்லைப் பிடுங்கிய டாக்டரின் மேல் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வெளியே நூறு பேர் வரிசை நிற்க, உள்ளே ஒரே நாற்காலியை வைத்துக்கொண்டு, அடைக்கச் சாமான் இல்லாமல், வலியால் துடிக்கும் பிள்ளைக்கு அவர் வேறென்ன செய்வார்? குறடு ஒன்றைத் தவிர வேறெதையும் அவர் கையில் கொடுக்காதவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

ஆறு வயதில் வரும் பல்

முதலில் நம் வீடுகளில் உள்ள ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும்.

பிள்ளைக்கு ஆறு வயது ஆகும்போது, பால் பற்களுக்கெல்லாம் பின்னால், கடைவாயில், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு புதிய பற்கள் வருகின்றன. இவை வருவதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அதனால் தாய் தகப்பனுக்குத் தெரிவதில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் உள்ளதெல்லாம் பால் பல் என்று நினைத்துவிடுகிறோம். சொத்தை வந்தாலும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

இந்த நாலும் நிரந்தரப் பற்கள். வாயிலே கனத்த வேலை பார்ப்பவை இவைதாம். சோளமானாலும் கறியானாலும் அரைப்பது இந்தப் பற்களே. ஆனால் முளைத்த புதிதில் இவற்றின் மேல்பூச்சு முழு உறுதி பெற்றிருக்காது. மேலே ஆழமான பள்ளங்கள். அவற்றில் மாவும் சர்க்கரையும் ஒட்டிக்கொள்ளும். முளைத்த பிறகும் மூன்று வருஷம் வரை வேர் வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த மூன்று வருஷத்துக்குள் சொத்தை உள்ளே நுழைந்து உயிர்ச் சதையைக் கொன்றுவிட்டால், வேரின் வளர்ச்சியும் பாதியில் நிற்கும்.

ஒன்பது வயதில் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? பக்கத்துப் பல் சாயும். எதிர்ப் பல் இறங்கும். கடி மாறும். ஒரு பக்கமாகவே மெல்லும் பழக்கம் வரும். நாளடைவில் அந்தப் பக்கமும் கெடும். ஒரு பல்லோடு போகிற காரியம் அல்ல இது. நிதானமாக எக்ஸ்ரே எடுத்து, பின்னால் வரும் பல்லின் நிலை பார்த்து, தக்க வயதில் டாக்டரே திட்டமிட்டு எடுப்பதும் உண்டு. அது வைத்தியம். வேறு வழி இல்லாததால் பிடுங்குவது வைத்தியம் அல்ல. வறுமைக்குப் போடும் வரி.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. 2002-03ல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், 12 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 53.8 பேருக்குச் சொத்தை இருந்தது. பன்னிரண்டு வயதில் வாயில் இருப்பவை பெரும்பாலும் நிரந்தரப் பற்களே என்பதை நினைவில் வையுங்கள். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2022ல் வெளியிட்ட அறிக்கைப்படி, நிரந்தரப் பல்லில் சொத்தையுள்ளவர்கள் உலகில் சுமார் 200 கோடி. பல் நோய் பெரிதும் எளியவர்களையே தாக்குகிறது என்பதையும் அந்த ஸ்தாபனமே சொல்கிறது.

"மிட்டாய் தின்றாயா?" என்ற உபதேசம்

உடனே சிலர் உபதேசம் செய்யக் கிளம்புவார்கள். "மிட்டாய் வாங்கிக் கொடுத்தது யார்? பல் துலக்கச் சொன்னதுண்டா? இந்த ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது!"

அப்படியா? நாற்று நடப் போகும் தாய், கைப்பிள்ளையை வரப்பில் உட்கார்த்தி, ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கிறாள். மூன்றாவது ஷிப்டு முடித்து வந்து தூங்கும் மில் தொழிலாளியின் வீட்டில், பிள்ளை அழாமல் இருக்க அதே பொட்டலம்தான். பாலும் பழமும் கொடுக்க அவளுக்கு ஆசையில்லையா? வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்காதவன், அவளைப் பார்த்து "மிட்டாய் கொடுத்தாயா?" என்று கேட்கிறான்!

துலக்கச் சொல்கிறீர்களே, பற்பசைக்கு என்ன செய்தீர்கள்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த நாள் முதல் 2025 செப்டம்பர் வரை, எட்டு வருஷத்துக்கு மேல், பற்பசைக்கும் பிரஷ்ஷுக்கும் நூற்றுக்கு 18 வரி வாங்கினீர்கள். பிறகு 5 ஆகக் குறைத்துவிட்டு, பெரிய தர்மம் செய்ததுபோல் தம்பட்டம் அடித்தீர்கள். எட்டு வருஷம் வாங்கிய வரியில் எத்தனை பிள்ளைகளின் பல் அடைபட்டது? கணக்குச் சொல்வீர்களா?

இன்னொரு விஷயம். எல்லாச் சேதமும் மிட்டாயால் வருவதல்ல. சில பிள்ளைகளுக்கு இந்த ஆறு வயதுப் பல் முளைக்கும்போதே வெள்ளை, மஞ்சள், பழுப்புத் திட்டுகளோடு வருகிறது. மேல்பூச்சு சுண்ணாம்புக் கட்டிபோல் உதிர்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுகிறது. அதனால் பிள்ளை துலக்கப் பயப்படுகிறது. முன்பற்களிலும் திட்டு வருவதுண்டு. கடைவாய்ப் பல்லும் முன்பல்லும் சேர்ந்து பாதிக்கப்படும் இந்தக் கோளாறுக்கு 2001ல்தான் விஞ்ஞானிகள் தனிப் பெயர் வைத்தார்கள். பிறந்த முதல் சில ஆண்டுகளில் வரும் நோய்களோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பிள்ளையின் சோம்பேறித்தனத்தால் வருவதல்ல.

இன்னும், பள்ளிக்கூட விளையாட்டில் விழுந்து முன்பல் உடைகிற பிள்ளைகள் உண்டு. பம்ப்செட் தொட்டிச் சுவரில் மோதி உடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பாதி உடைந்த முன்பல்லோடு சிரிக்க வெட்கப்பட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டே வளரும் பெண் குழந்தைகளை நாம் பார்க்கவில்லையா? நிரந்தர முன்பல் முழுதாகவே கழன்று விழுந்துவிட்டால், அதை வேரைத் தொடாமல் எடுத்து, லேசாகக் கழுவி, உடனே அதே குழியில் வைத்து அழுத்த வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓட வேண்டும். இதை ஒவ்வொரு பள்ளி ஆசிரியரும், ஒவ்வொரு தாயும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் ஓடிப் போய்ச் சேர இடம் வேண்டாமா?

யந்திரம் செய்கிற வேலை

அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் என்னதான் நடக்கிறது? மாயமந்திரம் ஒன்றுமில்லை. நண்பர் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் கேப் போட வேண்டுமானால், வாய் நிறையப் பசையை வைத்து அச்சு எடுப்பார்கள். பெரியவர்களுக்கே குமட்டும், பிள்ளை வாந்தி எடுத்துவிடும். அந்த அச்சைப் பட்டறைக்கு அனுப்பி, அங்கே ஒரு தொழிலாளி கையால் கேப் செய்து, திரும்பி வர ஒரு வாரம் ஆகும். மூன்று தடவை வர வேண்டும். மூன்று நாள் கூலி போகும்.

இப்போது பேனா மாதிரி ஒரு காமிராவை வாய்க்குள் காட்டுகிறார்கள். ஸ்கேனர் என்று பெயர். பல்லின் மேடு, பள்ளம், பக்கத்துப் பல், எதிர்ப் பல் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் உருவமாக வருகின்றன. எவ்வளவு பல் போயிருக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் ஒரு துண்டைத் திரையிலேயே வரைகிறார்கள். பிறகு, நம் கடைசல் பட்டறையில் இரும்பைக் கடைவதுபோல, சிறிய யந்திரம் ஒன்று பீங்கான் அல்லது பிசின் கட்டியைக் கடைந்து அந்தத் துண்டைக் கொடுக்கிறது. கால் மணி, அரை மணி நேர வேலை. கட்டியைக் கடையாமல், அடுக்கடுக்காக அச்சிட்டு உருவாக்கும் யந்திரமும் உண்டு. ஒரு முன்பல் உடைந்திருந்தால், நல்லபடியாக இருக்கும் மற்றப் பக்கத்துப் பல்லைப் படம் பிடித்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பி, அச்சாக அதே வடிவத்தில் செய்யலாம்.

குழந்தைகளுக்கு இதில் என்ன விசேஷம்? குமட்டல் இல்லை. நாற்காலியில் உட்கார வேண்டிய தடவைகள் குறைவு. பிள்ளையின் பல்லுக்குள் உயிர்ச் சதை பெரிதாக இருக்கும். அதிகம் சீவினால் அதைத் தொட்டுவிடும். கெட்டதை மட்டும் நீக்கி, மிச்சத்தைக் காப்பாற்ற இந்த வழி உதவுகிறது. பிள்ளை வளர வளர ஈறு இறங்கும், கடி மாறும். பத்து வயதில் போட்ட கேப்பை இருபது வயதில் மாற்ற நேரலாம். அப்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் கம்ப்யூட்டரில் இருக்கும்.

இதைச் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. பிள்ளை வாயைத் திறந்து அசையாமல் இருக்க வேண்டும். எச்சிலும் ரத்தமும் இருந்தால் படம் சரியாக விழாது. உள்ளே சீழ் பிடித்திருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் வேண்டும். யந்திரம் டாக்டருக்கு மாற்று அல்ல. நல்ல டாக்டர் கையில் நல்ல ஆயுதம், அவ்வளவுதான். அந்த ஆயுதம் ஏன் நம் பிள்ளைகளின் டாக்டர் கையில் இல்லை?

யார் கண்டுபிடித்தது? யார் கைக்குப் போயிற்று?

"அதெல்லாம் தனியார் மூளை, தனியார் முதல். அவர்கள் விலை வைக்கத்தான் செய்வார்கள்" என்பார்கள். சரித்திரத்தைப் பார்ப்போம்.

பல்லை ஒளியால் அளவெடுக்கலாம் என்ற யோசனையை 1970களில் பிரான்சில் பிரான்சுவா துரே என்ற பல் டாக்டர் தம் ஆராய்ச்சியில் எழுதினார். ஸ்விட்சர்லாந்தில், ஸூரிச் பல்கலைக்கழகத்தில், வெர்னர் மோர்மன் என்ற பல் டாக்டரும் மார்க்கோ பிரான்டஸ்தீனி என்ற என்ஜினீயரும் சேர்ந்து யந்திரத்தைச் செய்தார்கள். 1985 செப்டம்பர் 19ந் தேதி, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே, முதல் பல் துண்டைக் கடைந்து பொருத்தினார்கள். ஜனங்கள் வரிப்பணம் கொடுத்து நடத்தும் பல்கலைக்கழகத்தில் பிறந்தது இது. பிறகு உரிமை சீமென்ஸ் கம்பெனிக்குப் போயிற்று. 1997ல் சீமென்ஸின் பல் வைத்திய யந்திரப் பிரிவு தனியாகப் பிரிந்து சிரோனா ஆயிற்று. 2016ல் அது அமெரிக்காவின் டென்ட்ஸ்பிளை கம்பெனியோடு ஒன்றாயிற்று. சிறு மீனைப் பெரு மீன் விழுங்க, பெரு மீனைத் திமிங்கிலம் விழுங்கிற்று!

விளைவு என்ன? நம் ஊரில் ஒரு ஸ்கேனர் வாங்கப் பல லட்சம் வேண்டும். கடையும் யந்திரத்துக்கு அதற்கு மேல். கடன் வாங்கி யந்திரம் போட்ட டாக்டர், வட்டி கட்ட வேண்டும். அவர் யார் தலையில் கட்டுவார்? பீங்கான் கேப் ஒன்றுக்கு ஐயாயிரம் முதல் பதினையாயிரம், இன்னும் மேலும் கேட்கிறார்கள். பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். 2025-26க்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக் கூலி 336 ரூபாய். முப்பது நாள் வெயிலில் மண் வெட்டினால், சோறு தின்னாமல், பீடி குடிக்காமல், பஸ் ஏறாமல் சேர்த்தால், ஒரு பல்! உள் வைத்தியச் செலவு தனி.

"ஏழைக்கு எதற்கு இதெல்லாம்?"

இங்கேதான் சில மேதாவிகள் குறுக்கே வருகிறார்கள். "ஏழை நாட்டுக்கு எதற்கு டிஜிட்டல்? சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரைக்கே வழி இல்லை. பிடுங்கிப் போட்டால் செலவு மிச்சம்" என்கிறார்கள்.

செலவைப் பற்றிப் பேசுவோம். ஒரு தனி வைத்திய சாலையில் அந்த யந்திரம் நாளொன்றுக்கு எத்தனை கேப் கடைகிறது? பணம் உள்ளவர் வந்தால் ஓடும். வராவிட்டால் சும்மா கிடக்கும். அரை மணிக்கு ஒன்று என்றால் எட்டு மணி நேர ஷிப்டில் பதினாறு கடையலாம். மில்லில் ஸ்பிண்டில் சும்மா நின்றால் முதலாளி பொறுப்பானா? யந்திரம் ஓட ஓடத்தான் ஒவ்வொரு உருப்படிக்கும் செலவு குறையும். அதை ஓட்டும் அளவுக்கு நோயாளிகள் இருப்பது எங்கே? சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலில்!

இன்னொன்றும் உண்டு. அச்சுப் பசையைப் பஸ்ஸில் அனுப்ப வேண்டும். ஸ்கேனர் எடுத்த படத்தைக் கம்பி வழியே ஒரு நிமிஷத்தில் அனுப்பலாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஆளுக்கு ஒரு ஸ்கேனர் வையுங்கள். கடையும் யந்திரத்தை மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் வையுங்கள். உசிலம்பட்டிப் பிள்ளை உசிலம்பட்டியிலேயே வாயைத் திறக்கட்டும்; கேப் மதுரையிலிருந்து வரட்டும். டவுனுக்கு நாலு தடவை பஸ் ஏறி, நாலு நாள் கூலியை இழக்கும் கொடுமை தீரும். இந்த யந்திரத்தால் அதிக லாபம் அடையக் கூடியவர்கள் நகரத்துப் பணக்காரர்கள் அல்ல, தூரத்துக் கிராமத்து ஏழைகளே. அவர்களைத் தவிர மற்றெல்லோருக்கும் அது கிடைக்கிறது என்பதுதான் இன்றைய விந்தை!

"டாக்டர்கள் எங்கே?" என்று அடுத்த கேள்வி வரும். நாட்டில் 300க்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள். பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். பல லட்சம் செலவிட்டுப் படித்து வெளியே வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வேலையில்லாமல் வேறு தொழிலுக்குப் போகிறார்கள். ஒரு பக்கம் டாக்டர் இல்லாத பல். இன்னொரு பக்கம் பல் இல்லாத டாக்டர்! தமிழ்நாட்டில் சென்னையிலே 1953ல் தொடங்கிய சர்க்கார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரத்தில் ஒன்று, 2023ல் புதுக்கோட்டையில் ஒன்று. மதுரைக்கு உண்டா? இல்லை. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022ல் முதல் மாணவர்களுக்கு ராமநாதபுரத்தில் வகுப்பு நடத்தினார்கள். அடிக்கல் ஒரு மாவட்டத்தில், வகுப்பு இன்னொரு மாவட்டத்தில்!

முடியாத காரியமா இது? பிரேசிலைப் பாருங்கள். அங்கேயும் கோடிக்கணக்கான ஏழைகள். 2004ல் லூலாவின் சர்க்கார் 'சிரிக்கும் பிரேசில்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பல் வைத்தியத்தைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்து, ஊர்தோறும் பல் வைத்தியக் குழுக்கள், விசேஷ வைத்திய நிலையங்கள், பொய்ப்பல் செய்யும் பட்டறைகள் வரை சர்க்கார் செலவில் ஏற்படுத்தியது. 2023ல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

நம் சர்க்காரும் 2023ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'புன்னகை' என்ற பெயரில் ஒரு பல் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்பே 2013 முதல் மத்திய சர்க்காரின் திட்டத்தில் வைத்தியக் குழுக்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிள்ளைகளின் வாயையும் பார்க்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் வாயைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் சொத்தை அடைபட்டுவிடுமா? சீட்டைக் கொண்டுபோகிற இடத்தில் குறடு மட்டும் இருந்தால், புன்னகை எங்கிருந்து வரும்?

யந்திரத்தைக் கண்டு பயப்படலாமா?

நம் மில் தோழர்களில் சிலருக்கு வேறொரு சந்தேகம் எழும். "யந்திரம் வந்தால் ஆள் போகுமே! ஹார்வி மில் காலம் முதல் நாம் கண்ட ரேஷனலைசேஷன்தானே இது?"

நியாயமான சந்தேகம். கையால் கேப் செய்யும் தொழிலாளிகள் நாடெங்கும் உண்டு. கேரளத்தில் மூவாற்றுப்புழையில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் பட்டறையே இருக்கிறது. அங்கிருந்து பல் கடல் கடந்து போகிறது. சிறிய பட்டறைகளில் பீங்கானையும் உலோகத்தையும் உராய்ந்து உராய்ந்து, அந்தத் தூசியைச் சுவாசித்து வேலை செய்கிறார்கள். அமெரிக்காவிலேயே, 1994க்கும் 2000க்கும் இடையில், ஐந்து மாநிலங்களில் இப்படிப் பல் பட்டறையில் வேலை செய்தவர்களில் ஒன்பது பேருக்கு நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் நோய் கண்டதாக அந்நாட்டுச் சுகாதார இலாகா அறிவித்தது. பஞ்சுத் தூசியால் நெஞ்சடைத்த நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டுமா? மூடிய பெட்டிக்குள் தண்ணீர் தெளித்துக் கடையும் யந்திரம் அந்தத் தூசியிலிருந்து அவர்களைக் காக்கும். யந்திரம் தூசியைத் தின்னட்டும். தொழிலாளியின் சோற்றைத் தின்ன விடாதீர்கள்! அவர்களுக்கே கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்து, சர்க்கார் ஆஸ்பத்திரிப் பட்டறையில் நிரந்தர வேலை கொடுங்கள். யந்திரம் வேண்டாம் என்று நாம் என்றும் சொன்னதில்லை. யந்திரம் யாருக்காக என்றுதான் கேட்டோம். இன்றும் அதையேதான் கேட்கிறோம்.

யந்திரம் வரும் வரை

யந்திரம் வரட்டும் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. கேப் தேவைப்படாமலே காப்பாற்றும் மலிவான வழிகள் இருக்கின்றன.

ஆறு வயதுப் பல் முளைத்து முடிந்ததும் அதன் பள்ளங்களை ஒரு பூச்சால் அடைத்துவிட்டால் சொத்தை நுழையாது. சொத்தை தொடங்கிவிட்டால், கைக்கருவியாலேயே சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைக்கலாம். மின்சாரம் இல்லாத ஊரிலும் முடியும். 1980களில் ஆப்பிரிக்காவில் தான்சானியாவில் செய்து காட்டினார்கள். அந்தச் சிமெண்டைக் கண்டுபிடித்தது எது தெரியுமா? பிரிட்டிஷ் சர்க்காரின் ரசாயனக் கூடம்! சொத்தை பரவாமல் நிறுத்தும் வெள்ளி மருந்து ஒன்று உண்டு. தடவினால் சொத்தை கறுத்து இறுகிவிடும். இந்தச் சிமெண்ட், வெள்ளி மருந்து, புளோரைடு பற்பசை மூன்றையும் 2021ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சேதம் பெரிதானால், அளவு வாரியாகத் தயாராகக் கிடைக்கும் எஃகு கேப் போடலாம். பிள்ளை வளர்ந்து வேறு கேப் போடும் வரை தாங்கும். இவற்றில் எதற்கும் லட்சம் வேண்டாம்.

2022 செப்டம்பர் 15ந் தேதி இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில், காலை உணவுத் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். அந்தப் பொங்கலையும் உப்புமாவையும் மெல்லப் பல் வேண்டாமா? காலை உணவு முடிந்ததும், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பட்டாணி அளவு புளோரைடு பசை கொடுத்துத் துலக்கச் செய்தால் என்ன? பிலிப்பைன்ஸ் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பல ஆண்டுகளாக இது நடக்கிறது. தண்ணீரிலேயே புளோரைடு மிகுந்த தர்மபுரி போன்ற பகுதிகளில் மட்டும் டாக்டர் யோசனைப்படி செய்யட்டும்.

நாம் கேட்பது

நம் பக்கமும் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்வோம். போனஸ் கேட்டோம், பஞ்சப்படி கேட்டோம், கூலி உயர்வு கேட்டோம். பிள்ளையின் பல்லைப் பற்றி நம் மகஜர்களில் ஒரு வரி எழுதினோமா? "பல்லெல்லாம் ஒரு பிரச்னையா தோழர்?" என்று நானே பத்து வருஷத்துக்கு முன் கேட்டிருப்பேன். நாலு ராத்திரி தூங்காத ஒரு பிள்ளை, ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கும்? ஒரு பக்கமாக மென்று வளரும் உடம்பில் என்ன ரத்தம் ஊறும்? இனி எழுதுவோம்:

1. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குத் தனிப் பல் வைத்தியப் பிரிவும், ஸ்கேனரும், கேப் கடையும் யந்திரமும் வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் ஸ்கேனரும் பல் டாக்டரும் வேண்டும்.

2. ஆரம்ப சுகாதார நிலையங்கள்தோறும் சிமெண்டும், பூச்சும், வெள்ளி மருந்தும், எஃகு கேப்பும் தட்டில்லாமல் இருக்க வேண்டும்.

3. பள்ளிப் பரிசோதனையில் சொத்தை கண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், எந்தத் தேதியில் வைத்தியம் முடிந்தது என்ற கணக்கை வெளியிட வேண்டும். பார்த்த கணக்கு போதாது. அடைத்த கணக்கு வேண்டும்.

4. மில் தொழிலாளியின் சம்பளத்தில் 2019 ஜூலை முதல் நூற்றுக்கு 0.75ம், முதலாளியிடம் 3.25ம் இ.எஸ்.ஐ.க்கு வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் தொழிலாளியின் பிள்ளைக்குக் கேப் உள்பட முழுப் பல் வைத்தியம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே நடக்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளியைப் பட்டியலில் சேர்க்காமல் ஏய்க்கும் முதலாளிகள் மீது நடவடிக்கை வேண்டும்.

5. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பிள்ளைகளின் நிரந்தரப் பல்லைக் காக்கும் வைத்தியத்தையும் சேர்க்க வேண்டும்.

6. மதுரைக்குச் சர்க்கார் பல் மருத்துவக் கல்லூரி வேண்டும்.

யாசகம் அல்ல இது. தீப்பெட்டி உள்பட நாம் வாங்கும் பொருள்களில் வரி கொடுக்கிறோம். அந்த வரியில் ஒரு பங்கு நம் பிள்ளையின் வாய்க்கு வரட்டும் என்கிறோம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் போகுமுன் நம் சொல்லைச் சொல்வோம். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டு ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகளின் வாயைத் திறந்து, பால் பல்லுக்குப் பின்னால் பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை பேருக்குச் சொத்தை என்று எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.

மேலூர்த் தோழரின் மகளுக்கு ஒரு பல் போயிற்று. அது திரும்பாது. ஆனால் அவள் வாயில் இன்னும் மூன்று ஆறு வயதுப் பற்கள் இருக்கின்றன. பன்னிரண்டு வயதில் இன்னும் நாலு வரப் போகின்றன. அவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவர அந்தத் தகப்பனை விடப் போகிறோமா?

விட மாட்டோம்!